மார்ச்சு 31-உம் நம் கண்மாய்களும்

நான் முன்பு பணியாற்றிய பள்ளியொன்றில், ஓராண்டு மார்ச்சு 24-ஆம் நாள் மேலிடத்திலிருந்து ஓர் ஆணை வந்தது. பள்ளிக்கெனத் தொகையொன்று ஒதுக்கப்பெற்றுள்ளது. 31-ஆம் நாளுக்குள் பொருள் வாங்கிப் பற்றுச்சீட்டு விடுத்தல் வேண்டும். தவறின் தொகை கருவூலத்திற்கே திரும்பிவிடும் என்பது அவ்வாணையின் செய்தி. பள்ளியின் தேவை யாதென எவரும் கேட்டிலர். ஆறாம் வகுப்பறையின் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. கூரையை ஏழு நாளில் செப்பனிட வொண்ணாது. அதற்கு மதிப்பீடு வேண்டும், பொறியாளர் ஒப்பம் வேண்டும், ஒப்பந்தம் வேண்டும். ஆயின், நிலைப்பேழையை (பீரோ) ஏழு நாளில் வாங்கிவிட இயலும். நான்கு நிலைப்பேழைகள் வாங்கினோம். அடுத்த மழைக்காலத்தில் அவற்றுள் இரண்டனை ஒழுகும் இடத்தினின்று நகர்த்தி வைக்கும் வேலையும் எங்களுக்கே வந்தது.

அன்பர்களே, இஃது ஒரு பள்ளியின் கதையன்று. ஓராண்டுக்கு மேல் நோக்க மறுக்கும் ஒரு கணக்குமுறையின் கதை. அம்முறை பள்ளிக்கூரையைக் கெடுத்தால் பிள்ளைகள் நனைவர்; ஏரியைக் கெடுத்தால் ஊரே பெயரும். நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெயர்ந்துகொண்டுதான் இருக்கின்றது. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கச் சென்ற நம் இளைஞரை எண்ணிப் பாருங்கள்.

'வரவு செலவுத் திட்டம்' என்று நாம் தமிழில் பெயரிட்டிருக்கின்றோம். நல்ல பெயர். ஆனால் அதில் வரவு உண்டு, செலவு உண்டு, திட்டம் எங்கே? அரசியல் யாப்பின் 202-ஆம் பிரிவு கேட்பது அந்தந்த ஆண்டின் வரவையும் செலவையும் காட்டும் ஓர் அறிக்கையை மட்டுமே. கோட்டையில் அமைச்சர் படிப்பதும் அதுதான். அதனை 'நிதிநிலை அறிக்கை' என இப்பொழுது வழங்குகின்றனர். 'நிதி' நம் சொல்லன்று என்பதை இவ்விதழ் படிப்போர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. எனினும், திட்டமில்லாத ஒன்றிற்குத் திட்டம் என்னும் நம் சொல்லைச் சூட்டாமல் விட்டதில் ஒரு நேர்மை இருக்கின்றது என்றே எனக்குத் தோன்றுகின்றது!

இந்த ஏப்பிரல்-மார்ச்சு ஆண்டு நம் மண்ணில் முளைத்ததுமன்று. 1867-ஆம் ஆண்டு வரை ஆங்கிலேயரின் இந்திய ஆட்சியில் கணக்காண்டு மே முதல்நாள் தொடங்கி ஏப்பிரல் இறுதியில் முடிந்தது. இலண்டன் கருவூலக் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக அவ்வாண்டு அதனை ஏப்பிரல் முதல்நாளுக்கு மாற்றினர். வெள்ளையர் போய் முக்கால் நூற்றாண்டு கடந்தும் அந்நாளை நாம் மாற்றவில்லை. மாற்றினால்தான் என்ன, மாற்றாவிட்டால்தான் என்ன என்று கேட்பார்க்கு நம் கண்மாயைக் காட்டுகின்றேன்.

புதுக்கோட்டை பெரிதும் நம்பியிருப்பது துலை, நளி (ஐப்பசி, கார்த்திகை)த் திங்கள்களின் வடகீழ்ப் பருவமழையை. அம்மழையில் நிரம்பிய கண்மாய் கும்பம், மீனம் (மாசி, பங்குனி) அளவில் வற்றும். மேழம் முதல் கடகம் வரை, அதாவது சித்திரை முதல் ஆடி வரை, கண்மாய் காய்ந்து கிடக்கும். வண்டல் எடுக்கவும், கரையை உயர்த்தவும், மடையை மாற்றிக் கட்டவும், கலிங்கைச் செப்பனிடவும் ஏற்ற காலம் இந்நான்கு திங்களே. கண்மாயின் ஆண்டு இது.

கருவூலத்தின் ஆண்டோ ஏப்பிரலில் பிறக்கின்றது. துறைவாரி நல்கை வேண்டுகைகள் (மானியக் கோரிக்கைகள் என்பர்) சட்டமன்றத்தில் ஒப்புதல் பெறவேண்டும். பின்னர் ஆட்சியொப்புதல், பின்னர்த் தொழில்நுட்ப ஒப்புதல், பின்னர் ஒப்பந்தப்புள்ளி. தாள் நகர்ந்து முடிவதற்குள் ஆவணி போய்விடும். ஒப்பந்தக்காரர் மண்வெட்டியோடு கரையில் வந்து நிற்கும்போது வானம் இருண்டுவிடும். மழைக்குள் கொட்டிய கரைமண் மழையோடு போகும். அல்லது, வேலை நின்று, நீர் வற்றிய பின் மார்ச்சில் மீண்டும் தொடங்கி, 31-ஆம் நாளுக்குள் பட்டியலைக் கொடுத்தாக வேண்டிய பரபரப்பில் முடியும். காய்ந்த நான்கு திங்களும் தாளில் கழிய, நனைந்த திங்களில் பணம் செலவாகும் இக்கூத்து எவருடைய தீய எண்ணத்தாலும் நேர்வதன்று. கண்மாயின் ஆண்டும் கருவூலத்தின் ஆண்டும் ஒன்றையொன்று அறியாமல் நடப்பதால் நேர்வது. இரண்டாண்டு, மூன்றாண்டுக்குச் செல்லுபடியாகும் ஒப்புதல் ஒன்று இருந்தால், மழைக்காலத்திலேயே தாள்வேலையை முடித்துச் சித்திரை முதல்நாளில் மண்வெட்டியைக் கையில் கொடுத்துவிடலாம். இதற்குப் புதிய பணம் ஒரு காசும் வேண்டுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. நம் மாவட்டத்தில் ஐயாயிரத்திற்கு மேற்பட்ட ஏரி, குளம், கண்மாய், ஏந்தல்கள் இருக்கின்றன. இவை தனித்தனிக் குட்டைகளல்ல. மேலூர்க் கண்மாயின் கலிங்கு வழிந்தால் அடுத்த ஊர்க் கண்மாய்; அது வழிந்தால் அதற்கடுத்தது; இறுதியில் தெற்கு வெள்ளாறோ, அக்கினியாறோ, பாம்பாறோ, கடலோ. ஒரே தொடர். அத்தொடரை நம் அரசு எப்படிப் பங்கிட்டிருக்கின்றது? நூறு ஏக்கருக்கு (40 எக்டேர்) மேற்பட்ட ஆயக்கட்டு உடையது நீர்வளத்துறைக்கு. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திற்கு. நிலத்தின் உரிமையும் வன்கவர்வை (ஆக்கிரமிப்பை) அகற்றும் பொறுப்பும் வருவாய்த்துறைக்கு. மேட்டுக் காட்டில் தைலமரம் நடுவது 1974-இல் தோன்றிய காட்டுத்தோட்டக் கழகத்திற்கு. அக்கழகத்திற்குத் தைலமரம் வரவு. அம்மரக்காட்டில் மறிக்கப்பட்ட நீர் கண்மாய்க்கு வராமற் போவது கீழூர் உழவனுக்குச் செலவு. ஒரு துறையின் வரவு இன்னொரு துறையின் ஏட்டில் செலவாக ஏறாத வரை இரண்டு துறையும் தத்தம் கணக்கில் நல்ல பிள்ளைகளே. பத்தாண்டுக் கணக்கொன்றை நீர்த்தொடர்வாரியாக எழுதிப் பார்த்தாலன்றி இவ்விழப்பு எவர் கண்ணிலும் படாது.

2016-17-இல் தமிழக அரசு குடிமராமத்துப் பணியைத் தொடங்கியது. (குடி நம் சொல்; மராமத்து அரபுச் சொல். குடிப்பணி என்றே சொல்லலாம்.) முதலாண்டில் 100 கோடி உருபா, 1,519 பணிகள். 2019-20-இல் 1,829 பணிகள், ஏறத்தாழ 500 கோடி. உழவர் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என்பது விதி. அம்முயற்சியை நான் குறைகூறேன்; பல ஊர்களில் மடைகள் மாற்றப்பெற்றன, கரைகள் உயர்ந்தன. ஆயின், அப்பணி நடந்த கண்மாய்க்கு ஆறாம் ஆண்டில் யார் செலவு செய்வது என்று அதன் எந்தத் தாளிலும் ஓர் இடமில்லை. வண்டல் ஆண்டுதோறும் வரும். சீமைக்கருவை ஆண்டுதோறும் முளைக்கும். பணம் மட்டும் ஒருமுறை வந்து போகும். ஆட்சி மாறினால் திட்டத்தின் பெயர் மாறும்.

நம் முன்னோர் இதனை எவ்வாறு செய்தனர் என்பதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டா. புதுக்கோட்டை அரசு 1929-இல் அச்சிட்ட கல்வெட்டுத் தொகுதியைப் புரட்டுங்கள். குளங்களுக்கும் அவற்றின் தூம்புகளுக்கும் செய்யப்பட்ட கொடைகள் அதில் உள. நம் ஊர்ப்புறக் கண்மாய்களுள் இன்றும் நிற்கின்ற குமிழித்தூம்பின் கற்றூண்களில் அதனைச் செய்வித்தவன் பெயர் வெட்டப்பட்டிருப்பதைக் காணலாம். ஏரிப்பட்டி என்று நிலம் விட்டனர். அந்நிலத்தின் விளைவு அவ்வேரியின் பேணலுக்கே. ஏரி மீனின் பாசிப்பாட்டம் ஏரிக்கே. ஏரி தன் செலவைத் தானே ஈட்டிக்கொண்டது.

உத்தரமேரூர்க் கல்வெட்டு முதற் பராந்தகச் சோழன் காலத்தது, கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தது. குடவோலைக்காக அதனை மேடைதோறும் பேசுகின்றோம். அதில் வேறொரு நுட்பம் இருப்பதைப் பேசுவாரைக் காணேன். ஏரி வாரியத்திற்கு அறுவர். அவர்தம் பொறுப்பு 360 நாள் மட்டுமே. அதாவது, ஆள் ஆண்டுக்கு ஆண்டு மாறினான். கணக்குக் காட்டாதவன் மீண்டும் வாரியத்தில் இருக்கத் தகுதியற்றவன்; அவன் உறவினரும் அப்படியே. ஆயின் ஏரிக்குரிய முதல் ஆண்டோடு மாளவில்லை. ஆளுக்கு ஓராண்டு, ஏரியின் முதலுக்கு என்றென்றும் என்பது அவர்கள் முறை. நாம் அதனைத் தலைகீழாக்கிவிட்டோம். அலுவலர்க்கும் அமைச்சர்க்கும் நெடுங்காலம். ஏரியின் பணத்திற்கு ஓராண்டு.

பழம்பெருமை பேசுகின்றான் பண்டிதன் என்பார்க்கு 2018-ஆம் ஆண்டை நினைவூட்டுகின்றேன். அவ்வாண்டு சூலையில் மேட்டூர் நிரம்பிற்று. ஆகத்து 22-ஆம் நாள் இரவு முக்கொம்பில் கொள்ளிடத்தின் மேலணைக் கதவுகளுள் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டிய அணை அது. நூற்றெண்பது ஆண்டு நின்ற கட்டடம் ஓரிரவில் விழவில்லை. அத்தனை ஆண்டும் சிறுகச் சிறுகப் பேணலை ஒத்திப்போட்டதனால் விழுந்தது என்பதே என் கருத்து. புதிய கதவணைக்கு 387 கோடிக்கு மேல் ஒதுக்க நேர்ந்தது. பேணலுக்குச் செலவிடாத உருபா சேமித்த உருபா என்று ஓராண்டுக் கணக்கு காட்டும். அதே உருபா நூறு மடங்காகத் திரும்பி வருவதை அக்கணக்கு காட்டாது. கதவு உடைந்த அந்தத் திங்களில் வெள்ளம் கொள்ளிடம் வழியே கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நம் மாவட்டத்துக் கண்மாய்கள் அப்பொழுது வெடித்துக் கிடந்தன. அவ்வாண்டு நவம்பர் 16-இல் கசா புயல் ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கத்துத் தென்னைகளை வீழ்த்தியது தனித் துயரம்.

அவ்வெள்ளநீரை நம் பக்கம் திருப்புவதற்கென எழுந்ததுதான் காவிரி-வைகை-குண்டாறு இணைப்புக் கால்வாய். கருவூர் மாவட்டம் மாயனூர்க் கதவணையினின்று புறப்பட்டு, திருச்சி, புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களுக்குப் பயன்படுமாறு 262 கிலோமீட்டர் ஓடவேண்டியது. மிகைவெள்ளத்தில் 630 கோடி கன அடியைக் கொணரும் என்பது மதிப்பீடு. முதற்பகுதி தெற்கு வெள்ளாறு வரை 118 கிலோமீட்டர். அதற்கு மட்டும் 6,941 கோடி. மொத்தம் 14,400 கோடி.

கதவணை 2014-இலேயே திறக்கப்பெற்றது. தலை பிறந்துவிட்டது, உடல் இல்லை. ஏழாண்டு கழித்து, 2021 பிப்பிரவரி 21-ஆம் நாள் விராலிமலை அருகே குன்னத்தூரில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி கால்வாய்க்கு அடிக்கல் நாட்டினார். ஐந்து நாள் கழித்துத் தேர்தல் நாள் அறிவிக்கப்பெற்றது. கருநாடகம் இதனை எதிர்த்து உச்ச முறைமன்றம் சென்றது. ஆட்சி மாறியது. பணி கைவிடப்படவில்லை என்பது உண்மை; நிலமெடுப்பும் தோண்டலும் பகுதி பகுதியாக நடக்கின்றன என்பதும் உண்மை. ஆயினும் இன்றுவரை அதன் முழு நீளத்திற்கும் நீர் ஓடியதில்லை.

ஒரு சிறு கணக்கை என் மாணவர்க்குப் போடுவதுபோல் இங்கும் போடுகின்றேன். 14,400 கோடிப் பணிக்கு ஆண்டுக்கு ஆயிரம் கோடி என ஒதுக்கினால் பதினான்கு ஆண்டுக்கு மேலாகும். ஐந்நூறு கோடியானால் இருபத்தெட்டுக்கு மேல். அதற்குள் கம்பியும் சிமிட்டியும் கூலியும் நிலத்தின் விலையும் என்ன ஆகும்? மதிப்பீடு ஓடும், பணம் அதன் பின்னே நொண்டும். அதனினும் கொடிது, வழியிலுள்ள உழவன் நிலை. தன் நிலம் எடுக்கப்படும் என்று அறிந்தவன் அதில் கிணறு வெட்டான், மா வைக்கான், விற்கவும் இயலான். பணம் இவ்வாண்டு வருமா, அடுத்த ஆண்டா என்று அவனுக்குச் சொல்ல எவராலும் இயலாது. ஏனெனில் அடுத்த ஆண்டு எவ்வளவு என்பதை எந்தத் தாளும் உறுதி கூறவில்லை.

திட்டம் தீட்டுவார் நம்மிடை இலரோ எனின், உளர். மாநிலத் திட்டக்குழு 1971-இல் அமைந்தது. 1972 முதல் 1984 வரைக்கு நெடுநோக்குத் திட்டம் எழுதப்பெற்றது. 2012-இல் முதலமைச்சர் செயலலிதா 'தொலைநோக்கு 2023' வெளியிட்டார். 15 இலக்கம் கோடி உருபா முதலீடு என்றது அது. 2023-உம் வந்து போயிற்று. குறிக்கோள் எழுதுவதில் நாம் எவர்க்கும் பின்னிட்டவரல்லேம். திட்டக்குழு சேப்பாக்கம் எழிலகத்தில் இருக்கின்றது. பணத்துறை கோட்டையில் இருக்கின்றது. நடுவே கூவம் ஓடுகின்றது. எழிலகத்தில் எழுதுவது கூவத்தைக் கடந்து கோட்டையின் ஏட்டில் தொகையாக விழுந்தாலன்றி அது நல்ல உரைநடை, அவ்வளவே. 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி வரும் ஆண்டுகளுக்கான இடைக்கால மதிப்பீடும் வைக்கப்படுகின்றது. ஆனால் அது மொத்த வரவு, மொத்தக் கடன் பற்றியது. குன்னத்தூர்க் கால்வாய்க்கு மூன்றாம் ஆண்டில் என்ன என்று அதில் தேடினால் கிடையாது.

தில்லியின் பங்கையும் மறைத்தல் ஆகாது. 2017 சூலை முதல்நாள் தொடங்கிய பொருள், பணி வரியால் நம் வரிவிதிப்பு உரிமையின் பெரும்பகுதி நம் கையை விட்டது. நடுவண் அரசுக்குக் கடன்பட்டிருக்கும் மாநிலம் புதுக்கடன் பெற அதன் இசைவு வேண்டும் என்கின்றது யாப்பின் 293-ஆம் பிரிவு. வரும் ஆண்டு தில்லி எவ்வளவு தரும், எவ்வளவு கடன் வாங்க விடும் என்று அறியாத வீட்டுத்தலைவன் மகள் திருமணத்திற்கு நாள் குறிப்பது எங்ஙனம்? எனினும், எல்லாக் குற்றத்தையும் தில்லியின் மேல் ஏற்றிவிட்டு நாம் கைகழுவ இயலாது. உலக வங்கிக் கடனில் 2007 முதல் நம் ஏரிகளிலும் கால்வாய்களிலும் நடந்த பணிகளைப் பாருங்கள். அவற்றிற்குப் பல்லாண்டுக் கால அட்டவணை இருந்தது. ஆண்டுதோறும் எவ்வளவு, எங்கே என்ற கணக்கு இருந்தது. வங்கி கேட்டது, கொடுத்தோம். கடன்கொடுத்தவன் கேட்டால் காட்டும் நெடுங்கணக்கை வரிகொடுத்தவனுக்குக் காட்டாமல் இருப்பது எந்த முறை?

ஒல்லாந்து நாட்டில் 1953 பிப்பிரவரியில் கடல் உட்புகுந்து 1,836 பேர் மாண்டனர். அதன்பின் அவர்கள் தொடங்கிய கடற்காப்புப் பணி 1997 வரை நடந்தது. அதனோடு நின்றாரல்லர். 2012-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் நீர்காப்பிற்கெனத் தனி வைப்பு ஒன்றை அமைத்து, பத்தாண்டுக்கும் மேற்பட்ட காலத்திற்குப் பணம் இன்னதெனக் காட்டி, அதற்குப் பொறுப்பாக ஓர் ஆணையரையும் அமர்த்தி, அவர் திட்டத்தை ஆண்டுதோறும் வரவு செலவோடு சேர்த்தே மன்றத்தின் முன் வைக்கச் செய்திருக்கின்றனர். அவர்களும் ஆண்டுதோறுமே ஒப்புதல் பெறுகின்றனர், ஆட்சிகளும் மாறுகின்றன. திட்டம் மாறுவதாயின் எவரும் காணாமல் மாறாது, அவ்வளவே வேறுபாடு.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதனை எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். தொகை மார்ச்சு 31-இல் மாளாது என்றால், அலுவலர் அதனைத் தனிக்கணக்கில் போட்டு வைத்துச் செலவிட்டதாகக் காட்டுவர் என்பது. தணிக்கையாளர் இத்தகைய 'தங்கிய பண'த்தைப் பலமுறை கண்டித்துள்ளனர். உண்மையே. அதனால்தான் உத்தரமேரூரை இழுத்தேன். மாளாத முதல் வேண்டும். அதற்கு ஆண்டுக்கொருமுறை ஊரறியக் கணக்குக் காட்டும் கடனும் வேண்டும். ஒன்றின்றி ஒன்று தீங்கே. ஒவ்வொரு நீர்த்தொடருக்கும் ஓர் ஏடு. அதில் பத்தாண்டுப் பணி, அதற்குரிய தொகை, அத்தொடரின் மீன்குத்தகையும் மரவருவாயும் அதற்கே வரவு. எஞ்சியது அடுத்த ஆண்டுக்கு. எவ்வளவு எஞ்சியது, ஏன் எஞ்சியது என்பது ஊரவையில் படிக்கப்படவேண்டும். அரசியல் யாப்பு இதனைத் தடுக்கவில்லை. சட்டமன்றம் ஆண்டுதோறும் ஒப்புதல் தரட்டும்; ஏடு மட்டும் ஆண்டுதோறும் கிழிக்கப்படாமல் இருக்கட்டும். அதுபோலவே, புதிதாக எழும் எக்கட்டடத்திற்கும், அது பள்ளியாயினும் கதவணையாயினும், கட்டும் செலவின் பக்கத்திலேயே அதன் வாழ்நாட் பேணற்செலவும் எழுதப்படாவிடின் ஒப்புதலே தரலாகாது.

ஊரவைக் கூட்டங்கள் முன்பு ஆண்டுக்கு நான்காக இருந்தன. 2022 முதல் ஆறாயின. புதிதாகச் சேர்ந்த நாள்களுள் ஒன்று மார்ச்சு 22, உலகத் தண்ணீர் நாள். கணக்காண்டு முடிய ஒன்பது நாளே எஞ்சியிருக்கும் நாள். அன்பர்கள் அன்று தத்தம் ஊரில் எழுந்து நின்று மூன்று தொகைகளை மட்டும் கேட்குமாறு வேண்டுகின்றேன்: நம் கண்மாய்க்கு மதிப்பிட்டது எவ்வளவு, வந்தது எவ்வளவு, மாள்வது எவ்வளவு? சென்ற முறை எங்கள் ஊரில் நான் கேட்டேன். கண்மாய் ஒன்றியத்தினது, வரத்துக்கால் நீர்வளத்துறையினது, ஆதலின் இரண்டு ஏட்டையும் ஒருங்கே பார்த்தாலன்றி விடைகூற இயலாது என்றார் அலுவலர். இரண்டு ஏட்டையும் அடுத்த கூட்டத்திற்குக் கொணருமாறு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டமைக்கு ஒப்பமும் வாங்கி வைத்திருக்கின்றேன்.